உதவித்தொகையா, பட்டியலா, பழைய வாடகை வீடா: ரொறன்ரோவில் எதை விடுவது, எதைப் பிடிப்பது

ரொறன்ரோவில் வாடகைக்கு இருக்கும் நம் சனம் பலர் ஒரே மாதிரியான கேள்வியைக் கேட்கிறார்கள். மாநகரசபையின் மலிவு வாடகை வீட்டுப் பட்டியலில் பெயர் பதிந்து பல வருடமாகிறது, இப்போது திடீரென்று தனியார் வீட்டு வாடகைக்கு மாதாமாதம் காசு தருகிறோம் என்று ஒரு அழைப்பு வருகிறது, ஆனால் அதை எடுத்தால் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறார்கள். போடலாமா, விடலாமா?

ஆம், பட்டியலை விடலாம் என்றும் இல்லை, பட்டியலைப் பிடித்துக்கொள் என்றும் உறவினர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. எந்தக் குடும்பத்துக்கு எது பொருந்தும் என்பதுதான் கேள்வி, அதற்குக் கணக்குப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது.

முதலில் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாதாமாதம் காசு தரும் திட்டத்தின் பெயர் கனடா-ஒன்ராறியோ வீட்டு உதவித்தொகை. எல்லோரும் சி.ஓ.எச்.பி. என்றே சொல்கிறார்கள். 2020 ஏப்ரலில் தொடங்கியது, மத்திய அரசும் மாகாண அரசும் சேர்ந்து பணம் போடுகின்றன. பட்டியலில் காத்திருந்தால் கிடைப்பது ஆர்.ஜி.ஐ., அதாவது வருமானத்துக்கேற்ற வாடகை வீடு. அது ரொறன்ரோ கொம்யூனிற்றி ஹவுசிங் (மாநகரின் சொந்த வீட்டு நிறுவனம்), லாபநோக்கற்ற நிறுவனங்கள், கூட்டுறவு வீடுகள் போன்ற இடங்களில் கிடைக்கும். மூன்றாவதாக ஒரு தெரிவும் இருக்கிறது, அதைப் பலர் தெரிவாகவே எண்ணுவதில்லை: இப்போது இருக்கிற பழைய வீட்டில் பழைய வாடகையில் அப்படியே இருப்பது.

## எதையெல்லாம் வைத்து அளப்பது

மாதம் கையிலிருந்து போகும் காசு முதல் அளவுகோல். அரசு எவ்வளவு தருகிறது என்பதைவிட, அது தந்த பிறகு நீங்கள் எவ்வளவு கட்டுகிறீர்கள் என்பதைப் பாருங்கள். இரண்டாவது, அந்த உதவி எத்தனை வருடம் நிற்கும். மூன்றாவது, வீட்டுக்காரர் எழுப்பிவிட முடியுமா. நாலாவது, வேறு ஊருக்குப் போக வேண்டி வந்தால் உதவியும் கூட வருமா. ஐந்தாவது, பிள்ளைகள் வளர்ந்து சம்பாதிக்கத் தொடங்கினாலோ வீட்டை விட்டுப் போனாலோ என்ன நடக்கும்.

இந்தக் கடைசி இரண்டையும் நம் ஆட்கள் கேட்பதே குறைவு. ஆனால் பத்து வருடம் கழித்துத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார வைப்பவை அவைதான்.

## சி.ஓ.எச்.பி.: உடனே வரும் காசு

கணக்கு இப்படி. உங்கள் குடும்பத்தின் அளவுக்கு எத்தனை படுக்கையறை வேண்டும் என்று பார்த்து, உங்கள் பகுதியில் அந்த அளவு வீட்டின் சராசரிச் சந்தை வாடகையை எடுத்து, அதில் 80 சதவீதத்தைக் கணக்கிடுவார்கள். அதிலிருந்து உங்கள் குடும்ப நிகர வருமானத்தின் 30 சதவீதத்தைக் கழிப்பார்கள். மிச்சம்தான் உதவித்தொகை. வருமானத்தை உங்கள் வாயால் சொல்வதை வைத்து முடிவெடுக்க மாட்டார்கள், வருமானவரி மதிப்பீட்டுக் கடிதத்தை வைத்துத்தான். ஆகவே கையில் வாங்கும் கூலியை வரியில் காட்டாமல் விட்டவர்களுக்கும், வரியே பதியாதவர்களுக்கும் இங்கேயே சிக்கல் தொடங்கிவிடும். வெல்ஃபேரோ (மாகாணத்தின் சமூக உதவிப்பணம்) ஓ.டி.எஸ்.பி.யோ (மாற்றுத்திறனாளிகளுக்கான மாகாண உதவிப்பணம்) எடுப்பவர்களுக்குக் கணக்கு வேறு, அதில் வாடகைக்கென்று ஏற்கெனவே கிடைக்கும் பங்கைக் கழித்துப் பார்ப்பார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது அந்தச் சராசரி வாடகை என்ற சொல். அந்தச் சராசரியில் பத்து, பதினைந்து வருடமாக ஒரே வீட்டில் இருப்பவர்களின் குறைந்த வாடகையும் சேர்ந்திருக்கிறது. இன்றைக்குப் புதிதாக வீடு தேடிப் போகிறவருக்குச் சொல்லப்படும் வாடகை அதைவிடக் கூட. இதற்கு மேல் 80 சதவீதம்தான் கணக்கில் வரும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தை நீங்கள்தான் நிரப்ப வேண்டும்.

விளங்குவதற்காக ஒரு கணக்குப் போடுவோம். இரண்டு படுக்கையறைக்குச் சராசரி வாடகை 2,000 டொலர் என்று வைத்துக்கொள்ளுங்கள் (ஒவ்வொரு வருடமும் மாறும், இது உதாரணத்துக்கு மட்டும்). அதில் 80 சதவீதம் 1,600.

| வருட நிகர வருமானம் | மாத உதவித்தொகை | 2,400 டொலர் புது வீட்டில் நீங்கள் கட்டுவது | 1,700 டொலர் பழைய வீட்டில் நீங்கள் கட்டுவது | ஆர்.ஜி.ஐ. வீட்டில் நீங்கள் கட்டுவது |
|---|---|---|---|---|
| 24,000 | 1,000 | 1,400 | 700 | 600 |
| 36,000 | 700 | 1,700 | 1,000 | 900 |
| 48,000 | 400 | 2,000 | 1,300 | 1,200 |

அட்டவணையில் நாலாவது நிரலைப் பாருங்கள். பழைய வாடகை வீட்டில் இருந்துகொண்டே சி.ஓ.எச்.பி. எடுத்தால் ஆர்.ஜி.ஐ. வீட்டுக்குக் கிட்டத்தட்டச் சமமாக வந்துவிடுகிறது. அதே உதவியை எடுத்துக்கொண்டு புது வீட்டுக்குப் போனால் கதை வேறு: 24,000 வருமானத்தில் மாதம் 1,400 டொலர் வாடகை என்றால் வருமானத்தில் பத்தில் ஏழு பங்கு வாடகைக்கே போகும். உதவி எடுத்தும் கடன்தான். வாடகை உங்களுக்கு அந்த 80 சதவீதத்தைவிடவும் குறைவாக இருந்தால், உதவியும் அதற்கேற்பக் குறைக்கப்படும், அதையும் மனதில் வையுங்கள்.

நல்ல பக்கம் என்னவென்றால், இந்த உதவி வீட்டோடு ஒட்டியது இல்லை, உங்களோடு வரும். ஸ்காபரோவிலிருந்து ஏஜக்ஸுக்கோ ஒஷாவாவுக்கோ மாறினால் ஒன்ராறியோவுக்குள் எங்கேயும் கொண்டு போகலாம், தொகை மட்டும் அந்த ஊர் வாடகையை வைத்துத் திரும்பக் கணக்கிடப்படும். காசை மாகாண நிதியமைச்சு நேரடியாக உங்கள் வங்கிக்கு அனுப்பும், விரும்பினால் வீட்டுக்காரருக்கும் அனுப்பச் சொல்லலாம். உங்கள் கணக்கிலேயே வாங்குவது நல்லது என்பது என் கருத்து, உதவி எடுக்கிறீர்கள் என்பதை வீட்டுக்காரர் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கோயில், வேலை எல்லாம் மாறாமல் இருந்த இடத்திலேயே இருக்க முடியும் என்பதும் சின்ன விசயம் இல்லை.

இனி மறைந்திருக்கும் செலவு. அவை கொஞ்சமில்லை.

இது நிரந்தர உரிமை இல்லை. மத்திய-மாகாண ஒப்பந்தத்தின் நிதி 2029 வரைக்குத்தான் பேசப்பட்டிருக்கிறது. அதற்குப் பிறகு நீட்டிக்கப்படலாம், நீட்டிக்கப்பட வேண்டும் என்றே நானும் நினைக்கிறேன், ஆனால் பட்டியலில் எட்டு வருடம் நின்ற இடத்தை எழுத்தில் விட்டுக்கொடுக்கும்போது எதிர்ப்பக்கத்தில் எழுத்தில் இருப்பது அந்த வருடம்தான். அடுத்தது, ஒவ்வொரு வருடமும் ஜூலையில் புது உதவி வருடம் தொடங்கும். அதற்கு முன்னே புதுப்பிக்க வேண்டும், வீட்டில் உள்ள வளர்ந்தவர்கள் வருமானவரியை நேரத்துக்குப் பதிந்திருக்க வேண்டும். ஒருவர் பதியாமல் விட்டாலே எல்லோருக்கும் காசு தடைப்படலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து வீட்டுக்காரரிடமிருந்து வருவது. ஒன்ராறியோவில் வருடத்துக்கு ஒருமுறைதான் வாடகை கூட்டலாம், 90 நாள் முன்னறிவித்தல் வேண்டும், அரசு அறிவிக்கும் வீதத்துக்கு மேல் போகக் கூடாது. அந்த வீதம் 2025க்கு 2.5 சதவீதம், 2026க்கு 2.1 சதவீதம். ஆனால் 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறிய வீடுகளுக்கு இந்த வரம்பே கிடையாது. புது கொண்டோ (தொடர்மாடி வீடு) மட்டுமில்லை, அந்தத் தேதிக்குப் பிறகு புதிதாகக் கட்டி முதல்முறை வாடகைக்கு விட்ட பேஸ்மென்ற்றும் (வீட்டின் நிலக்கீழ்ப் பகுதி) இதில் அடங்கலாம். அங்கே வீட்டுக்காரர் அடுத்த வருடம் 300 டொலர் கூட்டினாலும் சட்டம் தடுக்காது, உங்கள் உதவித்தொகை அதற்காக ஏறவும் மாட்டாது.

பேஸ்மென்ற் என்று வந்ததால் இன்னொன்று. குசினியையோ குளியலறையையோ வீட்டுக்காரருடனோ அவருடைய நெருங்கிய குடும்பத்தாருடனோ பகிர்ந்து இருந்தால் வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பே உங்களுக்கு இல்லை. தெரிந்தவர், ஊர்க்காரர் என்று எழுத்தில் ஒன்றும் இல்லாமல் காசாகக் கொடுத்து இருப்பவர்கள் நம்மில் ஏராளம். உதவித்தொகைக்கு நீங்கள் வாடகை கட்டுகிறீர்கள் என்பதற்கு ஆதாரம் வேண்டும். வாடகைப் பற்றுச்சீட்டு கேட்டால் இலவசமாகத் தர வேண்டியது வீட்டுக்காரரின் கடமை, சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. தர மாட்டேன், அரசுக்குப் பெயர் கொடுக்காதே என்று சொல்லும் வீட்டில் இருந்துகொண்டு சி.ஓ.எச்.பி.யை நம்பிப் பட்டியலை விடவே வேண்டாம்.

அப்புறம், நினைத்தவுடன் விண்ணப்பித்துப் பெறக்கூடிய திட்டமும் இல்லை இது. நிதி அளவானது, மாநகரசபைதான் ஆட்களைத் தெரிவுசெய்து அனுப்புகிறது. குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வந்தவர்கள், வீடற்றோருக்கான தங்குமிடங்களில் இருப்பவர்கள், முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், பழங்குடி மக்கள் போன்றோருக்கு முன்னுரிமை. அழைப்பு வந்தால் அது ஒரு வாய்ப்பு, யோசிக்கிறேன் என்று மாதக்கணக்கில் வைத்திருக்க இடம் தர மாட்டார்கள். அதனால் அழைப்பு வருமுன்பே கணக்குப் பார்த்து வைத்திருங்கள்.

## ஆர்.ஜி.ஐ. வீடு: நீண்ட காத்திருப்பு, ஆழமான உதவி

வாடகை வருமானத்தின் 30 சதவீதம், அவ்வளவுதான். வேலை போனால் வாடகை குறையும். சந்தையில் வாடகை எவ்வளவு ஏறினாலும் உங்களுக்கு ஏறாது. வீட்டுக்காரரின் மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும் என்று யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். முழுநேரம் படிக்கும் பிள்ளையின் வருமானத்தைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், ஆகவே கோடைகாலத்தில் பிள்ளை வேலைக்குப் போனதால் வாடகை கூடும் என்று பயப்பட வேண்டியதில்லை. உண்மையான பாதுகாப்பு என்றால் இதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

விலை காலம். ரொறன்ரோவில் பல அளவு வீடுகளுக்குக் காத்திருப்பு பத்து வருடத்தைத் தாண்டும். பதிந்தபோது மழலைப் பள்ளியில் இருந்த பிள்ளை, வீடு வரும்போது பல்கலைக்கழகத்துக்குப் போகும் வயதில் இருக்கும். அதற்குள் பட்டியலிலிருந்து பெயர் விழாமல் பார்க்க வேண்டும்: வருடாவருடம் புதுப்பித்தல், விலாசம், தொலைபேசி, குடும்ப விபரம் மாறினால் அறிவித்தல். வீடு மாறி மின்னஞ்சலையும் மாற்றிவிட்டுப் பதிவைத் திருத்தாமல் விட்டதால் இடம் போனவர்கள் இருக்கிறார்கள். இப்போது காலியாகும் வீடுகளை இணையத்தில் பார்த்து நாமே விருப்பம் தெரிவிக்கும் முறை வந்துவிட்டது. கணினி பழக்கமில்லாத அம்மா அப்பாவுக்குப் பிள்ளைகள்தான் இதைச் செய்து கொடுக்க வேண்டும். மாகாணம் 2021 ஜனவரியில் கொண்டுவந்த விதிப்படி, பொருத்தமான வீடு ஒன்று தரப்பட்டு அதை மறுத்தால் பட்டியலிலிருந்தே நீக்கப்படலாம், முன்னர் மூன்று முறை மறுக்க முடிந்தது. ஆகவே போக மனமில்லாத பகுதிக்கு விருப்பம் தெரிவிக்கவே கூடாது.

கிடைத்த பிறகும் சில கட்டுப்பாடுகள். பிள்ளைகள் கல்யாணம் கட்டிப் போய்விட்டால், மூன்று அறை வீட்டில் இருவர் மட்டும் இருக்க விட மாட்டார்கள், சின்ன வீட்டுக்கு மாறச் சொல்வார்கள். நீண்ட நாள் வீட்டில் இல்லாமல் இருக்க வரம்பு உண்டு, எனவே யாழ்ப்பாணத்துக்குப் போய் நாலைந்து மாதம் நிற்க நினைக்கும் முதியவர்கள் விமானச் சீட்டு எடுக்குமுன் அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும்.

ஊரில் உள்ள வீடு பற்றியும் சொல்ல வேண்டும். வருடம் முழுக்கக் குடியிருக்கத்தக்க வீட்டில் உங்களுக்கு உரிமை இருந்தால், அது ஒன்ராறியோவுக்கு வெளியே இருந்தாலும், ஆர்.ஜி.ஐ. கிடைத்து 180 நாளுக்குள் அந்த உரிமையை விட வேண்டும் என்பது விதி. சீதனமாக வந்த வீடு, அப்பா எழுதி வைத்த பங்கு என்று பலருக்கு இருக்கும். அதை மறைப்பதற்குப் பதில் சட்ட உதவி நிலையத்தில் முன்கூட்டியே கதைப்பது நல்லது. பல வருடம் கழித்துத் தெரியவந்து பெற்ற சலுகையைத் திருப்பிக் கட்டச் சொன்னால் குடும்பமே ஆடிப்போகும்.

கட்டடங்கள் பழையவை. 2019இல் மத்திய அரசு ரொறன்ரோ கொம்யூனிற்றி ஹவுசிங் கட்டடத் திருத்தத்துக்கு 1.3 பில்லியன் டொலர் ஒதுக்கியது, அந்தத் தொகையே நிலைமையைச் சொல்லும். சில இடம் நன்றாக இருக்கிறது, சில இடத்தில் லிஃப்ட் முதல் கரப்பான் வரை தொல்லை. போய்ப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

## இருக்கிற வீட்டிலேயே இருப்பது

2018 நவம்பருக்கு முன்பே வாடகைக்கு இருந்த கட்டடத்தில் பல வருடமாக இருக்கிறீர்களா? எக்லிங்டனிலோ மார்க்கம் வீதியிலோ உள்ள பழைய மாடிக் கட்டடத்தில் 1,300, 1,400 டொலருக்கு இருப்பவரின் கையில் இருப்பது அரசாங்கம் கொடுக்காத ஒரு பெரிய உதவி. அதே கட்டடத்தில் பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்தவர் கட்டும் வாடகையைக் கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். காசு கொஞ்சம் தருகிறோம், வெளியே போங்கள் என்று வீட்டுக்காரர் சொன்னால் அவசரப்பட்டுச் சம்மதிக்காதீர்கள். வெளியேறச் சம்மதம் என்ற என்-11 படிவத்தில் நீங்கள் கையெழுத்திட்டால்தான் அது செல்லும், யாராலும் கட்டாயப்படுத்த முடியாது. சொந்தக் குடும்பத்துக்கு வேண்டும் என்று என்-12 கொடுத்தாலும் குறைந்தது 60 நாள் அவகாசம் உண்டு, நீங்கள் சம்மதிக்கவில்லை என்றால் வாடகைப் பிணக்குச் சபையின் உத்தரவு இல்லாமல் எழுப்பவும் முடியாது.

இப்படி இருந்துகொண்டே பட்டியலிலும் பெயரை வைத்திருக்கலாம், இதில் எதையும் இழக்கத் தேவையில்லை. ஒரு மாதம் தடுமாறி வாடகை பாக்கி விழுந்தால் ரொறன்ரோ றென்ற் பாங்க் உதவி இருக்கிறது. வெல்ஃபேர், ஓ.டி.எஸ்.பி. எடுப்பவர்களுக்கு மாநகரசபையின் தனி நிதியும் உண்டு. இவை ஒருமுறை தூக்கிவிடும் உதவி, மாதாமாதம் வராது. வருமானம் குறைந்த எல்லோரும், எந்தத் தெரிவில் இருந்தாலும், வருமானவரியில் கட்டிய வாடகையைக் காட்டி ஒன்ராறியோ ட்ரிலியம் சலுகைக்கு விண்ணப்பியுங்கள், அதையே விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

இந்தத் தெரிவின் பலவீனம் வருமானம் விழும்போது தெரியும். தனி ஆள் ஒருவருக்கு வெல்ஃபேர் 2018இலிருந்து மாதம் 733 டொலர்தான், அதில் வாடகைக்கு என்று வருவது 390. அந்த 390க்கு ஸ்காபரோவில் ஒரு அறைகூடக் கிடைக்காது. பழைய வாடகையாக இருந்தாலும் அந்த நிலையில் தாங்காது.

## அப்போ யாருக்கு எது

தங்குமிடத்தில் இருக்கிறவர், வன்முறை வீட்டிலிருந்து வெளியே வந்தவர், வெளியேற்ற உத்தரவு கையில் இருப்பவர்: சி.ஓ.எச்.பி.யை எடுங்கள். பிள்ளைகளோடு இன்னும் ஒரு குளிர்காலத்தைத் தங்குமிடத்தில் கழிப்பதைவிடப் பெரிய இழப்பு பட்டியலில் எதுவும் இல்லை. வீட்டைத் தேடும்போது மட்டும் பழைய கட்டடமாகத் தேடுங்கள், மாதம் நூறு டொலர் கூடினாலும் வாடகைக் கட்டுப்பாடு உள்ள வீடே பிறகு மலிவாக வரும்.

பட்டியலுக்கு வந்து இரண்டு மூன்று வருடம்தான், வயது முப்பது நாற்பது, வருமானம் கூட வாய்ப்பிருக்கிறது, வேலைக்காக ரொறன்ரோவுக்கு அருகில் உள்ள டுரம், பீல் பிராந்தியங்களுக்கு மாறவும் கூடும் என்றால் அப்போதும் சி.ஓ.எச்.பி. பக்கம்தான் நான் சாய்வேன். நீங்கள் விடும் இடம் இன்னும் தூரத்தில் இருக்கிறது.

எட்டு பத்து வருடம் காத்திருந்து, பழைய கட்டடத்தில் ஓரளவு தாங்கக்கூடிய வாடகையில் இருக்கிற குடும்பத்துக்குப் பட்டியலை விடச் சொல்ல எனக்கு மனம் வராது. வாடகை ஏற்கெனவே குறைவு என்பதால் உதவியும் பெரிதாக வராது, அதற்காக ஆயுள் முழுக்க நிற்கும் ஒன்றை ஏன் விட வேண்டும்?

முதியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஓய்வூதியத்தில் இருப்பவரின் வருமானம் இனிக் கூடப்போவதில்லை, எழுபது வயதுக்குப் பிறகு வீடு வீடாக மாறும் தெம்பும் இருக்காது. 2022 நடுவிலிருந்து மாநகரின் முதியோர் கட்டடங்களை ரொறன்ரோ சீனியர்ஸ் ஹவுசிங் என்ற தனி நிறுவனம் நடத்துகிறது. முதியவர் பட்டியலில் இருந்தால் அதில் நிலைத்திருப்பதே நல்லது, மகன் வீட்டுப் பேஸ்மென்ற்றில் சமாளிக்க முடிகிற வரைக்கும். மகன் வீட்டில் நிலைமை சரியில்லை, அங்கே துன்பப்படுகிறார் என்றால் கணக்கே மாறும். அந்த முதியவருக்கு வன்முறைக்கு ஆளானோருக்கான முன்னுரிமை கிடைக்கலாம், அதைப் பற்றி வெட்கப்படாமல் கேட்க வேண்டும்.

அகதிக் கோரிக்கையாளர்களுக்கு ஒரு வார்த்தை: கோரிக்கை நடந்துகொண்டிருக்கும் போதே நீங்கள் இரண்டுக்கும் தகுதி பெறலாம், பீ.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) வந்த பிறகுதான் பதிய முடியும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு வருடங்களை வீணாக்காதீர்கள். மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ மட்டும் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது.

கையெழுத்துப் போடுமுன் அலுவலரிடம் நாலு விசயத்தை எழுத்தில் கேளுங்கள். என் குடும்பத்துக்கு மாதம் சரியாக எவ்வளவு வரும்? இப்போதைய வீட்டிலேயே இருந்து இதை எடுக்கலாமா? என் பெயர் எந்த நாளிலிருந்து பட்டியலிலிருந்து எடுக்கப்படும்? உதவி நின்றுபோனால் திரும்பப் பதியும்போது பழைய தேதி தருவீர்களா, புதுத் தேதியா? பதில் மின்னஞ்சலில் வரட்டும், வாயால் சொன்னதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஆங்கிலம் சிரமமென்றால் மாநகரசபையின் 311 எண்ணிலும், உதவிச் சேவைகளுக்கான 211 எண்ணிலும் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லலாம். ஒன்ராறியோ தெற்காசியச் சட்ட உதவி நிலையத்தில் வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகவே ஆலோசனை தருகிறார்கள், படிவத்தை எடுத்துக்கொண்டு அங்கே போய் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.